பூச்சி வந்த ஏரி

“வெட்டுன்னா வெட்டு குப்பண்ணா. மம்முட்டியப் போடு—”

“போட்டுத்தான் பாக்கட்டுமே! குப்பண்ணா, அந்த மம்முட்டி கரையில பட்டுதுன்னா அப்பறம் நீ என்ற தோப்புல காலு வெக்க முடியாது, சொல்லிப்போட்டேன்—”

“—நாறிக் கெடக்குது, மாடு மூக்கை வெக்கறதில்ல, இதுக்குப் பேரு ஏரியாமா—”

“—நாறுதுன்னா அவிங்க மூக்கை மூடிக்கச் சொல்லு, ஏரிய எதுக்கு வெட்டோணும்?”

இரண்டு பேருக்கும் நடுவில் மண்வெட்டியைத் தோளில் சாத்தியபடி குப்பண்ணன் நின்றிருந்தார். ஒருமுறை மேற்கே திரும்பினார், ஒருமுறை கிழக்கே திரும்பினார். மேற்கே நின்றவர் ரத்தினசாமி. கிழக்கே நின்றவள் பழனாத்தாள், ரத்தினசாமியின் இறந்துபோன தம்பியுடைய மனைவி. கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது அந்தக் குடும்பங்களில் வழக்கமில்லை. பழனாத்தாள் பெருமாட்டி கிராமத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மச்சாண்டாரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அவரும் அப்படித்தான். பேசாமலே சண்டை போட முடியுமா என்றால், தாராளமாக முடியும். நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆள் கிடைக்காவிட்டால் மாட்டைப் பார்த்துப் பேசுவார்கள். அன்றைக்குக் குப்பண்ணன் கிடைத்ததால் மாடு தப்பித்தது.

ஏரி மடையைத் திறந்து மூடுகிற வேலை குப்பண்ணனுடையது. ஆரம்பத்தில் இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரத்தில் நிற்கிற இருவருக்கும் காது நன்றாகக் கேட்கிறது என்று புரிந்த பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

ஏரி பெரிய ஏரி இல்லை. மழைக்காலத்தில் நெஞ்சளவு, மாசியில் இடுப்பளவு. பழனாத்தாளின் மாமனார் காலமான பிறகு ஏரி மூத்தவர் ரத்தினசாமி பெயருக்கு வந்தது, கரைக்குக் கீழே இருந்த தென்னந்தோப்பு இளையவருக்கு வந்தது. ஆனால் தோப்புக் கிணற்றுக்கு ஊற்று அந்த ஏரிதான். ஏரி போனால் கிணறு போகும், கிணறு போனால் தோப்பு போகும். பழனாத்தாளின் சாப்பாடு அந்தத் தோப்பில் இருந்தது.

ரத்தினசாமிக்கோ ஏரியின் அடிவண்டல்மேல் கண். ஐ.ஆர். எட்டு நெல் நட்டால் பொன்னாய் விளையும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். ஊர் விடவில்லை. மாடு குடிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் என்று மறித்தது. இந்த வருடம்தான் அவருக்கு வழி பிறந்தது. கார்த்திகை மழைக்குப் பிறகு ஏரி பச்சையாக மாறிவிட்டது. அரைத்த மருதாணியைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு பச்சை. மாடுகள் கரைவரை வந்து பின்வாங்கின. துவைக்கிற பெண்கள் வாய்க்காலுக்குப் போய்விட்டார்கள். பழனாத்தாள் பக்கம் பேச ஆள் இல்லை.

“செரி குப்பண்ணா, நான் ஞாயமில்லாதவன்னு வேண்டாம்” என்றார் ரத்தினசாமி. “வைகாசி பொறக்கற வரைக்கும் பொறுத்துக்கறேன். தண்ணி தெளிஞ்சு மாடு குடிச்சுதுன்னா ஏரி இருந்துட்டுப் போகட்டும். இல்லீன்னா வைகாசி மொத நாளு கரைய வெட்டுவேன்.”

“தெளியும்னு சொல்லு குப்பண்ணா.”

“எப்பிடித் தெளியும்னு கேளு.”

“அது என்ற பாடுன்னு சொல்லு.”

“ரெண்டு பேரு சொன்னதும் ரெண்டு பேருக்கும் கேட்டுதுங்களா?” என்றார் குப்பண்ணன். “அப்ப நான் மடையப் பாக்கப் போறனுங்க.”

எப்படித் தெளியும் என்று பழனாத்தாளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்பதைக் குரலில் காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பழனாத்தாள் வீட்டுத் தெற்கு அறையில் குடியிருந்தவள் மதலேனம்மாள். பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறவள். பிறந்தது பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’ என்று அவள் பேசுவது பழனாத்தாளுக்குச் சிரிப்பாக இருக்கும். ‘போட்டேன், போட்டேன்’ என்று எதையும் முடிக்கிற பழனாத்தாளின் பேச்சு மதலேனம்மாளுக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த வகையில் இருவரும் சரிக்குச் சரி.

அன்று மாலை மதலேனம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் பழனாத்தாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“டீச்சருங்க, உங்க காலேஜில மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா? கொட்டுனா பச்சை போகோணும்.”

“இருக்குக்கா. மயில்துத்தம் போட்டா பச்சை சாகும். கூடவே மத்ததும் சாகும். செத்தது எல்லாம் அழுகி இன்னும் நாறும்.”

“அப்ப இத்தனை வருசம் என்னத்தப் படிச்சீங்க?”

“வேண்டாததை எல்லாம் படிச்சேன்னு வையுங்களேன்” என்று சிரித்தாள் மதலேனம்மாள். “நாளைக்குக் காலேஜ் லீவு. காலையில ஏரியப் பாக்கேன்.”

காலையில் இருவரும் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிளம்பினார்கள். ஏரிக்குப் போகும் வழியில், தொழுவத்தை ஒட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி இருந்தது. மதலேனம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, இது எந்தத் தண்ணி?”

“ஏரித்தண்ணிதான். குப்பண்ணன் கொடத்துல மொண்டாந்து ஊத்துனாரு. மாடு குடிக்கல, அப்பிடியே கெடக்குது. பூச்சி வேற வந்துபோட்டுது, கொட்டிக் கழுவோணும்.”

“கொட்டாதீங்க! ஊத்தும்போது என்ன நெறம்?”

“ஏரி நெறந்தான்.” சொல்லிவிட்டுத்தான் பழனாத்தாள் தொட்டியைக் குனிந்து பார்த்தாள். அடியில் கிடந்த வைக்கோல் துரும்பு தெரிந்தது. தண்ணீருக்குள் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை வெள்ளையாக ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

மதலேனம்மாள் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். கரைக்குப் போய் இன்னொன்றில் ஏரித் தண்ணீரை எடுத்தாள். இரண்டையும் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒன்று பளிங்கு, துள்ளுகிற பூச்சியோடு. மற்றது பச்சை. அதில் ஒரு பூச்சிகூட இல்லை.

“ஒரே தண்ணி. இது ஏன் இப்பிடி, அது ஏன் அப்பிடி?”

“தொட்டி நெழல்ல கெடக்குது.”

“எங்க நெழல்? முழு வெயில்ல கெடக்கு.”

“தொட்டியில சேறு இல்ல.”

“அதுவும் உண்டும். ஆனா ஏரியில இருக்கது, தொட்டியில இல்லாதது இன்னொண்ணு இருக்கு. மீனு.”

“மீனு தண்ணியப் பச்சையாக்குமாக்கும்?”

“மீனு பச்சையாக்காது. இந்தத் துள்ளுப்பூச்சியத் தின்னும். இந்தப் பூச்சிதான் பச்சையத் தின்னுது. அந்தப் பச்சை என்ன தெரியுமா? கண்ணுக்குத் தனித்தனியாத் தெரியாத பொடிப்பாசி. இந்தப் பூச்சி அதுல ஆடு மாதிரி நாளெல்லாம் மேயும். பொஸ்தகத்துல ரெண்டுக்கும் பிளாங்டன்னு பேரு போட்டிருக்கும். ஒண்ணு செடி, ஒண்ணு பூச்சி. நமக்கு ஆடும் புல்லும்னே வச்சுக்கிடுவோம். உங்க ஏரியில பொடிமீனு எக்கச்சக்கம். ஒரு ஆட்டை மிச்சம் வைக்கல. புல்லு சும்மா இருக்குமா?”

“பூச்சி தண்ணியச் சுத்தம் பண்ணுதாமா! நாங்க பூச்சியக் கண்டா வேட்டித் துணியில வடிகட்டிக் குடிக்கறவிங்க டீச்சரு.”

“வடிகட்டியே குடியுங்க. யாரு வேண்டாம்னா? அப்புறம் பச்சைக்குத் தீனி உரம். மேல் வயல்ல போடுத உரம் மழையோட ஏரிக்குத்தான வருது?”

மேல் வயல் ரத்தினசாமியுடையது. குப்பண்ணன் பக்கத்தில் இல்லை. பழனாத்தாள் தொழுவத்தின் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியா லச்சுமி? உரத்தக் கொட்டறது ஆரு, நாத்தம்னு மூக்கப் புடிக்கறது ஆரு? நல்லாக் கேட்டுக்க.”

லட்சுமி வாலால் ஈ விரட்டியது.

“உரத்த நீங்க நிறுத்த முடியாதுக்கா. மீனைக் குறைக்க முடியும். எங்க இடுக்கியில இப்பம் கட்டுதாகளே அணை, அது மாதிரி ஆழத் தண்ணின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இது இடுப்பளவு ஏரி. வெயிலு அடிவரைக்கும் போகுது. கெட்டாலும் வெரசாக் கெடும், தெளிஞ்சாலும் வெரசாத் தெளியும்.”

“வாயில சொன்னாப் பத்தாது. என்ற கண்ணுல காட்டோணும்.”

காட்டுவதற்கும் பழனாத்தாளே வழி செய்துகொண்டாள். முந்தானையை ஏரியில் விரித்து ஒரு வாரு வாரினாள். விரல் நீளத்துக் கெண்டைகள் வெள்ளியாகத் துள்ளின. அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் விட்டாள்.

“தண்ணி இப்பிடியே இருந்துதுன்னா உங்க படிப்பு பொய்யி டீச்சரு.”

அவள் அடுத்த வாரச் சந்தைக்குப் போய் வந்து பார்த்தபோது தொட்டியில் ஒரு பூச்சி இல்லை. அதற்கடுத்த சந்தைக்குள் வைக்கோல் துரும்பு மறைந்தது. தொட்டி ஏரியின் நிறத்துக்கு வந்துவிட்டது. பழனாத்தாள் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாருக்கா தோத்தது?” என்று பின்னாலிருந்து கேட்டாள் மதலேனம்மாள்.

“நாந்தான். மெதுவாப் பேசுங்க, லச்சுமி கேட்டுக்கும். இப்ப என்ன பண்ணோணும், அதச் சொல்லுங்க.”

“பங்குனியில ஊரே ஏரியில எறங்கி மீன் பிடிக்குமாமே. இந்தத் தடவை பொடிமீனை எல்லாம் அள்ளிரணும். பெரிய மீனை விட்டுரணும்.”

பழனாத்தாள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பகலில் அவள் உட்கார்ந்து மதலேனம்மாள் பார்த்ததே இல்லை.

“என்னக்கா?”

“இந்த ஏரியில குஞ்சு மீன ஆரும் கொல்றதில்ல டீச்சரு.”

பங்குனியில் தண்ணீர் வற்றியதும் குப்பண்ணன் தப்பட்டை அடிப்பார். ஊர் கூடையோடு இறங்கும். பெரிய மீன் பிடித்தவருக்கு. உள்ளங்கைக்குள் அடங்குவது எல்லாம் குஞ்சு. அதைத் தண்ணீருக்கே திருப்பி விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை வைத்தவள் பழனாத்தாள்தான். அவளுக்குப் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்தவன் காய்ச்சலில் கிடந்தபோது மாரியாத்தாளிடம் நேர்ந்துகொண்டாள்: இவனை விட்டுவிடு, என் ஏரியில் ஒரு குஞ்சைக்கூடக் கொல்ல விடமாட்டேன் என்று. பையன் பிழைத்தான். இப்போது கோயமுத்தூர் மில்லில் வேலை பார்க்கிறான். மருமகள் முழுகாமல் இருக்கிறாள்.

“ஏரி போனாத் தோப்புதான் போகும்” என்றாள் பழனாத்தாள். “நேந்தத மீறுனா என்ன போகும்னு ஆருக்குத் தெரியும்?”

“நான் சிரிக்க மாட்டேன்க்கா. எங்க அம்மை எனக்காக வேளாங்கண்ணிக்கு நேந்தவ.” மதலேனம்மாள் தொட்டியைப் பார்த்தாள். ஒரு கெண்டை செத்து மிதந்தது. “நான் கொல்லல. தானாச் செத்தது. அரிவாமணையக் கொண்டாங்க.”

மதலேனம்மாள் அந்த விரல் நீள மீனின் வயிற்றைக் கீறிப் பழனாத்தாளின் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே மஞ்சளாக, கேழ்வரகு மணியைவிடப் பொடியாக, வயிறு நிறைய இருந்தது.

“இது என்னக்கா?”

“சினை.”

“சினை பிடிச்சது குஞ்சா?”

பழனாத்தாள் கையை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இதுதான் இதோட முழு உசரம்” என்றாள் மதலேனம்மாள். “இதுக்கு மேல வளராது. இது பேரன் பேத்தி எடுத்த மீனு.”

“அப்ப இத்தனை வருசமாப் பாவம் பாவம்னு நாங்க விட்டதெல்லாம்?”

“கெழடுகளை விட்டிருக்கீங்க.”

“புடிச்சது?”

“விரால். போன வருசம் தண்ணி முழங்காலுக்கு வத்துனப்பம் ஒண்ணு மிச்சமில்லாமப் பிடிச்சதாக் குப்பண்ணன் சொன்னாரு. அந்த விரால்தான் இந்தப் பொடியத் தின்னு அடக்கி வச்சிருந்தது. விரால் போச்சு, இது பெருத்துட்டு. இது பெருத்துது, பூச்சி போச்சு. பூச்சி போச்சு, பச்சை வந்துட்டு.”

பழனாத்தாள் மீனைத் தென்னை மரத்தடியில் போட்டாள். அரிவாள்மணையைக் கழுவினாள். கழுவியதையே இன்னொரு தரம் கழுவினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நான் ஆத்தாளுக்கு நேந்தது குஞ்சுக்கு. இது குஞ்சில்ல. தெரியாமச் சொன்னத இப்பத் தெரிஞ்சு சொல்றேன், அவ்வளவுதான. ஆத்தாளுக்கும் இது சினைன்னு தெரியாமயா இருக்கும்?”

ஆத்தாளைச் சம்மதிக்கவைப்பது சுலபமாக இருந்தது. குப்பண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாமுங்காத்தா. பையன் பேருல வெச்ச சொல்லுங்க.”

“பையனயும் நாந்தான் பெத்தேன், சொல்லையும் நாந்தான் வெச்சேன். நீ தப்பட்டைய அடி. பொடிமீனு எவ்வளவு வேணுமோ அள்ளிக்கலாம். விரால் ஆரு கூடையில வந்தாலும் திருப்பி விட்டரோணும். இதத்தான் சொல்லோணும்.”

“தலகீழாச் சொல்லச் சொல்றீங்க.”

“ஆமா. நேராச் சொன்னதுக்குத்தான் ஏரி தலகீழாப் போச்சு.”

தப்பட்டைச் சத்தம் கேட்டு ஊர் கரைக்கு வந்தது. வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. பழனாத்தாள் வைத்த கட்டுப்பாட்டைப் பழனாத்தாள் சொல்லியே மீறுவதற்கும் பயம். அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பழைய வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தபடி பச்சைத் தண்ணீருக்குள் இறங்கினாள். வேட்டியின் மறுமுனை கரையில் கிடந்தது. மதலேனம்மாள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த முனையைப் பிடித்தாள். நான்காவது எட்டில் சேற்றில் வழுக்கிக் கழுத்துவரை முங்கி எழுந்தாள்.

“டீச்சருக்குக் காலேஜில நீச்சலு சொல்லித் தரலீங்களாட்ட இருக்குது!” என்று கரையிலிருந்து ஒருத்தி கத்தினாள். ஊர் சிரித்தது. சிரித்த பிறகு நின்றுகொண்டிருக்க முடியாது. கூடையும் சேலையுமாகப் பெண்கள் இறங்கினார்கள்.

மேற்குக் கரையில் ரத்தினசாமி குடைக்குக் கீழே நின்றார். “குப்பண்ணா, நேத்திக்கடனையே கொழம்பு வெக்கறாங்களான்னு கேளு.”

“பொரிச்சு அனுப்பறேன்னு சொல்லு. அவிங்களுக்குப் பொடிமீனுன்னா ஆகும்.”

பொரித்துத்தான் அனுப்பினாள். மறுநாள் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

இரண்டு மூன்று முறை ஊர் இறங்கி அரித்தும் பொடிமீன் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்தது. கூடையில் விரால் ஒன்றும் சிக்கவில்லை, இருந்தால்தானே சிக்கும்? குப்பண்ணன் கோழிப்பாறைப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் விரால் பிடித்து, ஈர வைக்கோல் போட்ட பானைக்குள் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பானையைக் கரையில் சாய்த்ததும் அவை வழுக்கிக்கொண்டு பச்சைக்குள் போய் மறைந்தன.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பங்குனி முடிந்தது, ஏரி பச்சையாகவே கிடந்தது. வெயில் ஏற ஏற வாடையும் ஏறியது. மதலேனம்மாள் தினமும் பஸ்ஸுக்குப் போகுமுன் வெள்ளை எனாமல் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிப் பார்ப்பாள். ஒரு சாண் இறங்குவதற்குள் தட்டு மறைந்துவிடும். அவள் முகமும் சேர்ந்து மங்கும்.

“பூச்சி வர நாளாகும்போல இருக்குக்கா. சேத்துக்குள்ள அதோட முட்டை உறங்கிக் கெடக்கும், வராமப் போகாது. இருந்தாலும்—”

“இருந்தாலுமாவது, கிருந்தாலுமாவது! படிச்ச நீங்களே பயந்துட்டா படிக்காதவ நான் என்ன பண்றது? எனக்குத் தொட்டி காட்டிப்போட்டுது. தொட்டி பொய் சொல்லாது.”

சொன்னதோடு நிற்கவில்லை. தொட்டியைக் கழுவி, பூச்சி பெருகட்டும் என்று மீனில்லாமல் ஏரித் தண்ணீர் நிரப்பி வைத்தாள். குடத்து வாயில் கட்டி வடிகட்டுகிற துணியைப் பெண்கள் வாசலில் உதறுவது வழக்கம். இனி ஏரியில் வந்து உதறுங்கள் என்றாள். “பூச்சியக் கொண்டுபோயி ஏரியில உடறதாமா” என்று தலையில் அடித்துக்கொண்டே அவர்களும் உதறினார்கள்.

சித்திரை நடுவில் ஒரு காலை, கரையோரத் தண்ணீர் புழுதி பறக்கிற மாதிரி துள்ளியது. கூட்டமாகச் சேர்ந்ததால் செம்புழுதி நிறமாக, கைகொள்ளாத துள்ளுப்பூச்சி. ரத்தினசாமிதான் முதலில் பார்த்தார்.

“குப்பண்ணா! நாத்தம் போதாதுன்னு இப்பப் புழுவும் வந்தாச்சு. ஊரக் கூப்புட்டுக் காட்டு!”

பழனாத்தாள் ஓடி வந்தாள். பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

“புழுவில்லீன்னு சொல்லு குப்பண்ணா. ஆடுன்னு சொல்லு.”

“ஆடா?” என்றார் ரத்தினசாமி, தன்னை மறந்து அவள் பக்கமே திரும்பி. உடனே குப்பண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஆடா?”

“ஆத்தா, நானு எதையும் சொல்லுவனுங்க” என்றார் குப்பண்ணன். “இத எப்பிடிங்க சொல்றது?”

சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எனாமல் தட்டு ஒரு முழம் இறங்கியும் தெரிந்தது. பிறகு ஒன்றரை முழம். கோடை மழை ஒன்று பெய்து தண்ணீர் சற்று ஏறியது. மழைக்குப் பிறகு இரண்டு நாள் கலங்கி, திரும்பவும் தெளிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு அடியில் போய் உட்கார்ந்தபோது, அதன் ஓரத்தில் பெயர்ந்திருந்த எனாமல்வரை மேலிருந்து தெரிந்தது. பக்கத்தில் இளம்பச்சையாக ஒரு நீர்ச்செடி சேற்றிலிருந்து தலை நீட்டியிருந்தது. மதலேனம்மாள் கயிற்றைப் பழனாத்தாளின் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதாள்.

“இப்பப் போயி எதுக்கு அழுகாச்சி?”

“பொஸ்தகத்துல படிச்சதுதாங்க்கா எல்லாம். கண்ணால பாத்ததில்ல.”

லட்சுமி இறங்கிக் குடித்தது. ஊர் மாடுகள் குடித்தன. துவைக்கிற பெண்கள் வாய்க்காலிலிருந்து திரும்பி வந்து, தாங்கள் எங்கேயும் போகாதவர்கள் போலத் துவைத்தார்கள்.

வைகாசி முதல் நாள் காலையில் ரத்தினசாமி வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. மண்வெட்டியோடும் ஒரு காளையோடும் வந்தார். விதைநெல் நனைத்தாகிவிட்டது, உழுகிற ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. பின்வாங்குவது அவருக்கும் சுலபமில்லை. கரையில் ஊர் கூடியிருந்தது.

“ஊரு மாடு குடிச்சுது, நான் இல்லீங்கல. என்ற காளை குடிக்கட்டும், பாக்கலாம். அது கண்ட தண்ணியில வாயி வெக்காது.”

“அவுத்து உடச் சொல்லு குப்பண்ணா.”

காளை நேராக இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நின்று, உறிஞ்சுகிற சத்தம் கரைவரை கேட்க, வயிறு முட்டக் குடித்தது. குடித்துவிட்டு அங்கேயே நின்றது.

“தாகத்துக்குக் குடிக்குது” என்றார் ரத்தினசாமி.

“தாகத்துக்குக் குடிக்காம, பின்ன எதுக்குக் குடிக்கும்னு கேளு.”

ஊர் சிரித்தது. சிரிப்பு அவரைச் சுட்டது. “இன்னிக்குத் தெளிஞ்சுது. அடுத்த மழைக்குத் திரும்பப் பச்சையாகும். வருசா வருசம் இந்தக் கூத்தா? குப்பண்ணா, போடு.”

குப்பண்ணன் நகரவில்லை. “எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சுங்க பண்ணாடி” என்றார் தரையைப் பார்த்து.

ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். கரையின் தாழ்ந்த இடத்தில், தண்ணீரின் ஓரத்திலேயே இறங்கி நின்று மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

அவர் காலடிக்கு ஒரு முழம் தள்ளி, தெளிந்த தண்ணீருக்குள், செந்நிறமாக ஒரு பந்து மெல்ல உருண்டுகொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். எண்ண முடியாத அளவுக்கு, நகக்கண் அளவுக் குஞ்சுகள், ஒன்றோடு ஒன்று உரசி மேலே வந்து மூச்சு விட்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, கருத்து, கை மொத்தத்தில், தாய் மீன். மண்வெட்டியின் நிழல் பந்தின்மேல் விழுந்ததும் அது சர்ரென்று முன்னே வந்தது. அவர் கால் விரலுக்கும் குஞ்சுகளுக்கும் நடுவில் நின்றது. செவுள் மட்டும் அசைந்தது. அவர் காலை அசைத்துப் பார்த்தார். அது தண்ணீர் தெறிக்க ஒருமுறை முட்டிவிட்டு, பழைய இடத்திலேயே வந்து நின்றது.

கரையில் நின்றவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். காளைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது. மதலேனம்மாள் பழனாத்தாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பழனாத்தாள் அந்தச் சிவப்புப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமல், வீட்டில் சோறு போடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

“குப்பண்ணா, அவிங்களத் தாராளமா வெட்டச் சொல்லு. அந்தத் தாயி எப்ப நகர்றான்னு அவகிட்டயே கேட்டுப்போட்டு வெட்டச் சொல்லு.”